கோட்டை விட்டவர்

அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிரீன்ஸ்பர்க் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரின் பழைய இடுகாட்டில் 1832ஆம் ஆண்டில் ஃபிரீமேசன் சங்கத்தார் ஒரு கல்லை நாட்டினர். கீழே உறங்குபவர் ஒரு படைத்தலைவர் என்பதைச் சொல்லிவிட்டு, அக்கல் வேறொன்றையும் சொல்கிறது. இவருக்கு அவருடைய நாடு இதனினும் சிறந்த நினைவுச்சின்னம் ஒன்றை எழுப்பக் கடன்பட்டிருக்கிறது. அது எழும்பாமையால், அதன் இடத்தில் இந்த எளிய கல் நிற்கிறது என்பதே அவ்வாசகத்தின் கருத்து. கல்லறைக் கல்வெட்டுகள் பொதுவாக இறந்தவரைப் புகழும். இறந்தவரின் பெயரால் நாட்டின்மீது வழக்குரைக்கும் கல்வெட்டு அரிது.

அக்கல்லின்கீழ் உறங்குபவர் ஆர்தர் செயிண்ட் கிளேர். பள்ளிப் பாடநூல்களில் வாஷிங்டனைப் படித்திருப்போம், ஜெஃபர்சனைப் படித்திருப்போம். இவர் பெயரை அங்குக் காண்பது அரிது. இவர் பெயர் வரும் நூல்களிலும் பெரும்பாலும் இரண்டு தோல்விகளின் ஓரத்திலேயே அது வரும். ஒருமுறை கோட்டையைக் கைவிட்டார். இன்னொரு முறை படையை இழந்தார். "கோட்டை விட்டான்" என்று நம் பேச்சு வழக்கில் ஒரு தொடர் உண்டு. கைக்கு எட்டியதைக் கவனக் குறைவால் நழுவவிட்டவனை அப்படிச் சொல்வோம். செயிண்ட் கிளேர் மெய்யாகவே ஒரு கோட்டையை விட்டவர். ஆனால் அவர் விட்ட விதம் நம் தொடருக்குப் பொருந்துமா என்பதை ஆராய்ந்தே சொல்ல வேண்டும்.

ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள தர்சோ என்னும் கடற்கரையூரில் 1737ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். மருத்துவம் பயிலத் தொடங்கி, அதை இடையிலே விடுத்து, 1757இல் பிரிட்டிஷ் படையில் இளநிலை அதிகாரியாகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு லூயிஸ்பர்க் முற்றுகையிலும், 1759இல் கியூபெக் போரிலும் பிரெஞ்சுக்காரரை எதிர்த்து நின்றார். 1760இல் பாஸ்டன் நகரின் செல்வக் குடும்பமொன்றைச் சேர்ந்த ஃபீபி பேயர்டு என்னும் நங்கையை மணந்தார். படைப்பணியைத் துறந்தபின், மனைவி வழி வந்த செல்வத்தோடு மேற்குப் பென்சில்வேனியாவின் லிகோனியர் பள்ளத்தாக்கில் குடியேறினார். நிலம் திருத்தினார், ஆலை அமைத்தார், நீதி வழங்கும் பதவிகளை ஏற்றார். அப்பகுதியின் பெருநிலக்கிழார்களுள் ஒருவராக விளங்கினார். அவர் வாழ்வின் முடிவை நோக்கும்போது இந்தத் தொடக்கத்தை மறவாதிருத்தல் வேண்டும். வறுமையிற் பிறந்து வறுமையில் மாய்ந்தவர் அல்லர் அவர்.

குடியேற்ற நாடுகள் பிரிட்டிஷ் முடியாட்சியை எதிர்த்தெழுந்தபோது, தாம் முன்பு சேவித்த அதே படைக்கு எதிராக அவர் வாளெடுத்தார். 1776ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் இரவில் பனிக்கட்டி மிதந்த டெலவேர் ஆற்றை வாஷிங்டன் கடந்தபோது உடன் கடந்தவர்களுள் செயிண்ட் கிளேரும் ஒருவர். டிரென்டன் வெற்றியிலும், அடுத்த சில நாள்களில் கிட்டிய பிரின்ஸ்டன் வெற்றியிலும் அவருக்குப் பங்குண்டு. 1777ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மேஜர் ஜெனரல் பதவி அவரை வந்தடைந்தது. அதுவரை அவர் வாழ்வு ஏறுமுகம்.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் டைகாண்டரோகா கோட்டை அவர் பொறுப்பில் விடப்பட்டது. கனடாவிலிருந்து தெற்கே வரும் ஏரிப்பாதையை அடைத்து நிற்கும் கோட்டை அது. மக்கள் மனத்தில் அது வெல்லற்கரியது. அதைப் பற்றிய பாடம் அப்படியே எல்லோர் நெஞ்சிலும் பதிந்திருந்தது. உண்மை நிலையோ வேறு. அத்துணைப் பெரிய அரண்களைக் காக்க அவரிடம் இருந்தவர் மூவாயிரவர் அளவினர்; அவர்களுள்ளும் காலில் செருப்பில்லாதவர் பலர். வடக்கிலிருந்து ஜெனரல் பர்கோயின் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட படையோடு இறங்கி வந்தார். கோட்டைக்கு எதிரே ஒரு குன்று. அதன்மீது பீரங்கியை ஏற்றவே முடியாது என்று அமெரிக்கத் தலைவர்கள் பலர் கருதியிருந்தனர். ஜூலை 5ஆம் நாள் பொழுது புலர்ந்தபோது குன்றின் உச்சியில் பிரிட்டிஷ் வீரர் தென்பட்டனர். மரங்களை வெட்டி வழி செய்து பீரங்கிகளை மேலே இழுத்துக்கொண்டிருந்தனர்.

செயிண்ட் கிளேர் தம் துணைத் தலைவர்களைக் கூட்டினார். அன்றிரவே கோட்டையைக் காலி செய்வது என முடிவாயிற்று. மறுநாள் விடியலில் கோட்டை எதிரியின் கையில் இருந்தது. பின்காவற் படையொன்று ஹப்பர்டன் என்னுமிடத்தில் கடும்போர் புரிந்து தொடர்ந்து வந்தவரைத் தடுத்தது, பெரும்படை தப்பியது. நின்று போரிட்டால் தம் பெயர் நிலைக்கும், படை அழியும். விலகினால் படை பிழைக்கும், பெயர் அழியும் என்பதை அவர் தெளிவாக அறிந்தே இரண்டாவதைத் தேர்ந்தார் என்று உடனிருந்தோர் பின்னாளில் எழுதி வைத்தனர்.

பெயர் அழிந்தது. ஒரு குண்டும் சுடாமல் கோட்டையை ஒப்படைத்தார் என்று நாடே தூற்றியது. விந்தையான வதந்தி ஒன்றும் ஊரூராகப் பரவியது. பிரிட்டிஷார் வெள்ளியால் குண்டுகள் செய்து கோட்டைக்குள் சுட்டனராம்; செயிண்ட் கிளேர் அவற்றைப் பொறுக்கியெடுத்துத் தம் மேலதிகாரியான ஜெனரல் ஸ்கைலரோடு பங்கிட்டுக்கொண்டாராம்! ஒரு தளபதியைச் சுட்டுக் கொன்றாலன்றி எந்தக் காவலிடத்தையும் நம்மவர் காக்கப்போவதில்லை என்று ஜான் ஆடம்ஸ் தம் மனைவிக்கு எழுதினார். ஆடம்ஸ் சிறுமதியாளர் அல்லர். பின்னாளில் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானவர். நல்லறிஞரும் நாடு நடுங்கும் வேளையில் இப்படி எழுதுவர் என்பதற்காகவே அதை இங்குக் குறிக்க நேர்ந்தது.

அவர் காத்த படை வீணாகவில்லை. கோட்டைக்குள் அகப்பட்டு அழிந்திருக்க வேண்டிய வீரருள் பலர் பர்கோயினை எதிர்க்க மீண்டும் அணிதிரண்டனர். அவ்வாண்டு அக்டோபர் 17ஆம் நாள் சரடோகாவில் பர்கோயின் தம் படையோடு சரணடைந்தார். பிரான்சு வெளிப்படையாக அமெரிக்காவின் பக்கம் சேர்வதற்கு வழி திறந்த வெற்றி அது. ஆனால் அந்த வெற்றியின் மாலை ஜெனரல் கேட்ஸ் கழுத்தில் விழுந்தது. செயிண்ட் கிளேர் அப்போது பதவியிழந்து விசாரணைக்குக் காத்திருந்தார். 1778இல் கூடிய இராணுவ நீதிமன்றம் அவர்மீது சாட்டப்பட்ட ஒவ்வொரு குற்றத்தினின்றும் அவரை உயர்ந்த மதிப்போடு விடுவித்தது. பழி தெருவெல்லாம் முழங்கியது. தீர்ப்பு ஏட்டில் எழுதப்பட்டது. இரண்டிற்கும் உள்ள தொலைவு நீதிமன்றங்களால் கடக்கக்கூடியதன்று.

போர் முடிந்தது. செயிண்ட் கிளேர் அரசியலில் நுழைந்தார். 1787 பிப்ரவரியில் காங்கிரஸ் அவையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வராத அந்நாளில் நாட்டிற்குக் குடியரசுத் தலைவர் இல்லை. அவைத் தலைவர் பதவியே மதிப்பில் முதன்மையானது. அவர் தலைவராக இருந்த அந்த ஆண்டு ஜூலை 13ஆம் நாள் அவை ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஒகையோ ஆற்றுக்கு வடமேற்கே கிடந்த பெருநிலப்பரப்பை ஆள்வதற்கான சட்டம் அது. இன்றைய ஒகையோ, இந்தியானா, இல்லினாய், மிச்சிகன், விஸ்கான்சின் மாநிலங்கள் அதிலிருந்து எழுந்தவை.

ஆசிரியர்கள் அச்சட்டத்தின் முன் சற்றே நின்று பார்க்க வேண்டும். அதன் மூன்றாம் பிரிவு, நல்லாட்சிக்கும் மக்களின் இன்பத்துக்கும் அறிவு இன்றியமையாததாகலின் பள்ளிகளும் கல்விச் சாதனங்களும் என்றென்றும் ஊக்குவிக்கப்படும் என்று உறுதி கூறியது. அது வெறுஞ்சொல்லாக நிற்கவில்லை. 1785ஆம் ஆண்டின் நிலச்சட்டம் முன்பே அதற்கு வழி வகுத்திருந்தது. புதிய நிலம் ஆறு மைல் சதுரங்களாக அளக்கப்பட்டது; ஒவ்வொரு சதுரமும் 36 கூறுகளாக வகுக்கப்பட்டது; நடுவில் அமையும் 16ஆம் கூறு பொதுப்பள்ளிக்கென ஒதுக்கப்பட்டது. ஒரு சதுர மைல் நிலம்! மாணவர் ஒருவரும் பிறக்குமுன்னே, ஊர் எழுமுன்னே, பள்ளிக்கு நிலம் குறித்து வைத்த திட்டம் அது. ஒரு வகுப்பறை கூட்டுவதற்கு எத்தனை மனுக்கள் எழுத வேண்டும் என்பதை அறிந்த தலைமையாசிரியர் எவரும் அதைப் படித்துப் பெருமூச்சு விடாதிருக்க இயலாது.

ஆயினும் அதே மூன்றாம் பிரிவில், பள்ளியைப் பற்றிய வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியம் வேறு பொருளைப் பேசுகிறது. பூர்வகுடியினரிடம் என்றும் நம்பிக்கை வழுவாது நடக்க வேண்டும். அவர்தம் நிலமும் உடைமையும் அவர்தம் இசைவின்றிப் பறிக்கப்படலாகா என்கிறது அது. முறையான போர் ஒன்றையே விலக்காகக் கொண்டது. பள்ளிக்கென அளந்த நிலம் யாருடைய நிலம் என்னும் வினா, ஒரே பிரிவின் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே மௌனமாகக் கிடக்கிறது. அந்த நிலப்பரப்புக்கு முதல் ஆளுநராக அமர்த்தப்பட்டவர் செயிண்ட் கிளேர். இரண்டு வாக்கியங்களையும் நிறைவேற்றும் கடமை அவர் தலைமேல் விழுந்தது.

இரண்டாவது வாக்கியத்தை அவர் காக்கவில்லை. 1789 ஜனவரியில் ஹார்மர் கோட்டையில் சில குலத்தாரைப் பிரித்துப் பிரித்துப் பேசி உடன்படிக்கையில் கையொப்பம் பெற்றார். மயாமி, ஷானி குலத்தார் அதை ஏற்கவில்லை. தங்களைக் கேளாமல் தங்கள் நிலத்தைக் கைமாற்றும் தாளுக்கு அவர்கள் ஏன் கட்டுப்பட வேண்டும்? அடிமை முறையை அந்நிலத்தில் தடை செய்த பிரிவையும் அவர் குறுக்கியே பொருள் கொண்டார்: புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடுக்கும், முன்னமே இருப்போரை விடுவிக்காது என்றார். பழிக்கப்பட்டவர் என்பதற்காக ஒருவரைக் குற்றமே அற்றவராக்கிவிடல் ஆகாது. பழி எங்கே பொய், எங்கே மெய் என்று பிரித்தறிவதே வரலாற்றாசிரியன் கடமை.

1790இல் லோசாண்டிவில் என்னும் சிற்றூருக்கு அவர் சின்சினாட்டி என்று புதுப்பெயர் சூட்டினார். உரோமாபுரியில் ஏரை விட்டு வந்து போர் நடத்தி, வென்றபின் பதவியைத் துறந்து ஏருக்கே மீண்டதாகப் போற்றப்படும் சின்சினாட்டஸின் பெயரால், விடுதலைப் போரின் அதிகாரிகள் ஒரு சங்கம் அமைத்திருந்தனர். அச்சங்கத்தின் பெயரே ஊருக்கு வந்தது. இன்று அது பெருநகரம்.

அடுத்த ஆண்டு பூர்வகுடியினரை அடக்க ஒரு படை திரட்டுமாறு அவர் பணிக்கப்பட்டார். ஆளுநர் பதவியோடு தளபதி பதவியும் சேர்ந்தது. அறுபதை அணுகிய வயது. கை கால்களை முடக்கும் கீல்வாத நோய். அவருக்கு வந்துசேர்ந்த படையோ, பெரும்பாலும் ஆறு மாத ஒப்பந்தத்துக்கு ஊர்த் தெருக்களில் பிடித்துச் சேர்த்த பயிற்சியற்றோர் கூட்டம். உணவு வழங்க ஒப்பந்தம் எடுத்த வில்லியம் டூயர், முன்பணமாகப் பெற்ற அரசுத் தொகையைத் தம் ஊக வணிகத்தில் இட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார். தளவாடப் பொறுப்பாளர் சாமுவேல் ஹாட்ஜ்டன் பிலடெல்பியாவை விட்டுக் கிளம்பவே மாதங்கள் ஆயின. வெடிமருந்து தரம் கெட்டது, கூடாரங்கள் ஒழுகின, காடு வெட்டி வழி செய்ய வேண்டிய படைக்குக் கோடரிகள் போதவில்லை. கோடையில் தொடங்க வேண்டிய பயணம் இலையுதிர் காலத்தில் தொடங்கியது. பசியாலும் குளிராலும் வீரர்கள் நாள்தோறும் ஓடினர். ஓடியவர்கள் உணவு வண்டிகளைக் கொள்ளையிடக்கூடும் என்று அஞ்சி, தம் படையின் தேர்ந்த பிரிவொன்றையே அவர்கள் பின்னால் அனுப்ப நேர்ந்தது.

நவம்பர் 3ஆம் நாள் மாலை, வாபாஷ் ஆற்றின் தலைப்பகுதியில் ஏறக்குறைய 1,400 பேர் களைத்துப் பாளையமிறங்கினர். அரண் எதுவும் அமைக்கப்படவில்லை. காலையில் அமைக்கலாம் என்று விட்டனர். நோயால் தளர்ந்த தலைவர் படுத்துவிட்டார். இந்த ஓரிரவு அயர்வுக்கு அவரையன்றி வேறெவரைப் பொறுப்பாக்குவது? காட்டில் பகைவர் நடமாட்டம் மிகுந்திருப்பதை இரவிலே வேவு பார்த்து வந்த காப்டன் ஒருவர் துணைத்தளபதி பட்லரிடம் தெரிவித்தார் என்றும், அச்செய்தி செயிண்ட் கிளேரின் கூடாரத்தை எட்டவில்லை என்றும் பின்னர்ச் சாட்சியம் கூறப்பட்டது. பட்லர் மறுநாள் களத்திலேயே வீழ்ந்தார். அவர் தரப்பைச் சொல்ல ஆளில்லை.

விடியலில் காடு வெடித்தது. மயாமித் தலைவர் லிட்டில் டர்ட்டில், ஷானித் தலைவர் புளூ ஜாக்கெட் ஆகியோர் வழிநடத்த, பல குலங்களைச் சேர்ந்த ஏறக்குறைய ஆயிரம் வீரர் பிறைவடிவில் பாளையத்தை வளைத்தனர். மரத்தின் பின் நின்று முதலில் அதிகாரிகளையும் பீரங்கியாளரையும் குறிவைத்துச் சுட்டனர். தங்கள் ஊர்களையும் விளைந்த சோளக் கொல்லைகளையும் காக்கப் பல மொழி பேசும் குலங்கள் ஒன்றுபட்டு, ஒழுங்கோடு நடத்திய போர் அது. பதுங்கிப் பாய்ந்த சிறுகூட்டத்தின் செயல் என்று அதைக் கூறுவது பொய். மூன்று மணி நேரத்தில் 600க்கு மேற்பட்ட படைவீரர் மாண்டனர். படையோடு வந்திருந்த பெண்டிரும் பிள்ளைகளும் கூடத் தப்பவில்லை. பூர்வகுடியினர் தரப்பில் மாண்டோர் ஐம்பதின்மருக்கும் குறைவு என்பது பொதுவான கணக்கு. 1876இல் கஸ்டர் என்பவர் லிட்டில் பிக்ஹார்ன் களத்தில் வீழ்ந்ததை உலகம் பேசுகிறது. அங்கு மாண்டோர் முந்நூற்றுவரை எட்டவில்லை.

செயிண்ட் கிளேர் நோயை மறந்து களத்தில் நின்றார். அவர் ஏறவிருந்த குதிரைகள் அடுத்தடுத்துச் சுடப்பட்டன. எட்டுக் குண்டுகள் அவர் உடையைத் துளைத்தன. ஒன்றும் உடலைத் தீண்டவில்லை. இறுதியில் சுமைக்குதிரை ஒன்றன்மீது ஏறி, எஞ்சியோரோடு ஏறத்தாழ 30 மைல் பின்னேயிருந்த ஜெஃபர்சன் கோட்டையை அடைந்தார்.

இம்முறையும் அவர் விசாரணையை வேண்டினார். அவரை விசாரிக்கத்தக்க பதவியுடைய அதிகாரிகள் படையில் போதிய அளவில் இல்லாமையால் இராணுவ நீதிமன்றம் கூட இயலவில்லை. அவர் தளபதி பதவியைத் துறந்தார். 1792 மார்ச் 27ஆம் நாள் மக்கள் பிரதிநிதிகள் அவை தானே ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. ஆட்சித்துறையின் செயலை அந்நாட்டுச் சட்டமன்றம் ஆராய்ந்தது அதுவே முதன்முறை. குழு ஆவணங்களைக் கேட்டபோது, கொடுக்கலாமா கூடாதா என்று குடியரசுத் தலைவர் வாஷிங்டன் தம் அமைச்சர்களைக் கூட்டி ஆலோசித்தார். நாட்டு நலனுக்கு ஊறு செய்யும் தாள்களை மறுக்கும் உரிமை தலைவருக்கு உண்டு என்றும், இவ்விடத்தில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை என்றும் முடிவாயிற்று. பிற்காலத்தில் எத்தனையோ பெரிய அரசியல் வழக்குகளுக்கு வேராக அமைந்தது அந்த ஒரு கூட்டம்.

குழு தன் அறிக்கையில் செயிண்ட் கிளேரைக் குற்றமற்றவர் என்றது. காலந்தாழ்ந்த ஏற்பாடும் தளவாடத் துறையின் ஊழலும் சீர்கேடுமே தோல்விக்குக் காரணம் என்றது. போர்த்துறைச் செயலர் நாக்ஸும் ஹாட்ஜ்டனும் மறுப்புரை கொடுத்தனர். 1793இல் குழு மீண்டும் ஆராய்ந்து ஏறக்குறைய அதே முடிவைச் சொல்லிற்று. அவை அதன்மேல் வாக்கெடுக்கவே இல்லை. இரண்டாம் முறையும் தீர்ப்பு ஏட்டோடு நின்றது. அதற்குள் டூயர் தம் சூதாட்ட வணிகம் சரிந்து கடன்காரர் சிறைக்குள் போயிருந்தார்.

அதன்பின் பத்தாண்டுக் காலம் அவர் ஆளுநராக நீடித்தார். நல்ல ஆளுநர் என்று சொல்வதற்கில்லை. மக்கள் மன்றம் இயற்றிய சட்டங்களைத் தம் ஒரு கையால் தள்ளினார். ஒகையோ தனி மாநிலமாவதை முட்டுக்கட்டையிட்டுத் தடுக்கப் பார்த்தார். 1802இல் அம்மாநில அமைப்பு மாநாட்டிலேயே காங்கிரஸைச் சாடிப் பேசினார். குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் அவரைப் பதவியினின்று நீக்கினார். அந்த நீக்கத்தில் அநீதி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அநீதி வேறிடத்தில் இருந்தது. விடுதலைப் போரின்போது கருவூலம் வறண்டு கிடந்த நாள்களில் வீரரைச் சேர்க்கவும் நிறுத்தி வைக்கவும் அவர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்திருந்தார். 1791இல் படைக்கு உணவும் பொருளும் கிடைக்காது தவித்தபோது, அரசு தரும் என்னும் நம்பிக்கையில் தம் பெயரால் பிணை எழுதிக் கொடுத்திருந்தார். பற்றுச்சீட்டுகளைக் கையிலேந்தி அவர் காங்கிரஸின் வாயிலில் நின்றபோது, கேட்கவேண்டிய காலம் கடந்துவிட்டது என்று காலவரம்புச் சட்டத்தைக் காட்டித் திருப்பியனுப்பினர். கடன் இல்லை என்று எவரும் சொல்லவில்லை. காலம் கடந்தது என்றே சொன்னார்கள். அவருக்குக் கடன் கொடுத்தவர்களுக்கோ காலவரம்பு குறுக்கே நிற்கவில்லை. 1810ஆம் ஆண்டளவில் லிகோனியர் நிலமும், ஆலையும், இரும்புலையும், அவர் கட்டிய வீடும் ஏலத்தில் போயின.

செஸ்ட்நட் ரிட்ஜ் மலைச்சரிவில் சாலையோரமாக ஒரு மரக்கட்டை வீட்டில் கணவனும் மனைவியும் குடிபுகுந்தனர். நாட்டின் முதல் இருக்கையில் அமர்ந்திருந்தவர், வழிச்செல்லும் வண்டிக்காரர்களுக்கு உணவுப்பொருள் விற்றுக் காலங்கழித்தார். 1812இல் தமது 1791ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்; இருபது ஆண்டு கழிந்தும் அந்த நவம்பர் விடியலை அவர் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மாநில அரசும், மிகப் பிந்திக் காங்கிரஸும் சிறு ஓய்வூதியம் வழங்கின. அது பழங்கடனைத் தீர்க்கப் போதுமானதன்று.

1818ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் ஒருநாள், வீட்டுக்கு வேண்டிய பொருள் வாங்கிவரத் தம் சிறுவண்டியை ஓட்டிக்கொண்டு அவர் புறப்பட்டார். மேடுபள்ளமான மலைப்பாதையில் வண்டி ஆடி, முதியவர் தூக்கியெறியப்பட்டார். நினைவிழந்து கிடந்தவரை வீட்டுக்குக் கொண்டு சேர்த்தனர். 31ஆம் நாள் உயிர் பிரிந்தது. பாஸ்டன் மாளிகையிலிருந்து அவரோடு காட்டுக்கு வந்து, ஐம்பத்தெட்டு ஆண்டுகள் உடன் வாழ்ந்த ஃபீபி அம்மையார், மூன்று வாரம் செல்வதற்குள் அவரைத் தொடர்ந்தார். அவர் பக்கத்திலேயே அம்மையாரையும் அடக்கம் செய்தனர். கல் நாட்டப்படுவதற்கு அப்போது இன்னும் பதினான்கு ஆண்டுகள் இருந்தன.